அங்கே பனை என்றால் நம் பனை இல்லை: மலேசிய இளைஞர் கவிதைகளை நெல்லையிலிருந்து வாசிக்க

நெல்லைச் சீமையில் கவிதை வாசிப்பவருக்கு நல்ல பழக்கம் ஒன்று உண்டு. கல்யாண்ஜி, கலாப்ரியா, விக்ரமாதித்யன் என்று வாசித்து வளர்ந்தவர், ஒரு படித்துறையையோ ஒரு வாசல்படியையோ சொன்னாலே அதற்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையை எட்டிப் பிடித்துவிடுவார். அதே வாசகர் மலேசியாவில் இப்போது எழுதிவரும் இளைஞர் ஒருவரின் தொகுப்பைத் திறந்தால் தடுமாறுகிறார். எழுத்து தமிழ், சொற்களில் முக்கால்வாசி தெரிந்தவை. ஆனாலும் கவிதை கையில் நிற்பதில்லை. யாரோ எதையோ இழந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது, எதை என்று தெரிவதில்லை.

தெரியாத இடத்தை நாமாக நிரப்பிவிடுகிறோம். 'ஊரைப் பிரிந்த ஏக்கம்', 'தாய்த்தமிழகத்தை நினைத்து வாடும் மனம்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பெரும்பாலும் அது தப்பான வாசிப்பு. ஏன் தப்பு, சரியாக வாசிக்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

முதலில், இவர்கள் யார்

மலேசியாவில் இந்திய வம்சாவளியினர் ஏறக்குறைய 20 லட்சம் பேர். நாட்டின் மக்கள்தொகையில் 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் பெரும்பான்மையோர் தமிழர்கள். இவர்களுடைய முன்னோர்களில் பெரும்பகுதியினரைக் கொண்டுபோனது கங்காணி முறை. தோட்டத்தில் ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒருவர் தன் ஊருக்கே திரும்பி வந்து, சொந்தக்காரர், தெரிந்தவர் என்று ஆள் சேர்த்துக் கப்பலேற்றிக் கூட்டிப்போவார். 1938-இல் இந்தியத் தரப்பு இந்த ஆள் அனுப்புதலைத் தடை செய்ததோடு அது நின்றது.

கணக்குப் போட்டுப் பார்த்தால், இன்று 25 வயதில் எழுதும் ஒருவர் அநேகமாக மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறை. அவர் பிறந்தது அங்கே, அவருடைய அப்பா அம்மா பிறந்ததும் அங்கே. தாத்தாவும் அங்கேயே பிறந்திருக்கலாம். 'புலம்பெயர் இலக்கியம்' என்ற சொல் 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனவர்கள் எழுதியதற்குப் பொருந்தும். போனவரே எழுதினார், விட்டுவந்த வீட்டின் வாசனை அவர் மூக்கில் இருந்தது. மலேசிய இளைஞருக்கு அப்படி ஒரு வீடு இங்கே இல்லை. அவர் 'ஊர்' என்று எழுதினால் அது சிலாங்கூரிலோ கெடாவிலோ ஜொகூரிலோ இருக்கும் ஒரு தோட்டம். அதை மட்டும் மனதில் நிறுத்திக்கொண்டாலே பாதிக் கவிதைகள் தெளிந்துவிடும்.

நமக்குத் தெரிந்த மலாயா வேறு

நெல்லைக்காரருக்கு மலாயா தெரியாத ஊர் அல்ல. கடையநல்லூரிலும் தென்காசியிலும் சிங்கப்பூர், பினாங்கு என்று போய்வந்த குடும்பங்கள் இருக்கின்றன. கைலி, கோடாலித் தைலம், கனமான பெட்டி என்று அந்த வரவின் நினைவு பல வீடுகளில் உண்டு. போனவர் கடை வைத்தார், கடையில் நின்றார், பணம் அனுப்பினார், திரும்பியும் வந்தார். மலாயா என்றதும் நமக்குத் தோன்றுவது இந்தத் திரும்பி வந்த மனிதர்தான்.

தோட்டத்துக்குப் போனவர் கதை வேறு. நம் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்கள் அதிகமும் போனது இலங்கைத் தேயிலைக்கு. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' அந்த வழியைத்தான் சொல்கிறது. மலாயா ரப்பருக்குப் போனவர்கள் பெரும்பாலும் திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு, சேலம் பக்கத்தவர்கள். தோட்டத்திலேயே பிள்ளை பெற்று, அங்கேயே மாரியம்மன் கோயில் கட்டி, அங்கேயே புதைந்தவர்கள் ஏராளம். இன்றைய கவிதை பெரும்பாலும் இந்தத் திரும்பி வராதவர்களின் பேரப்பிள்ளைகள் எழுதுவது. பெட்டியோடு வந்தவரை மனதில் வைத்துக்கொண்டு இதை வாசித்தால் ஒட்டாது.

ஐந்து வரிகளை வைத்துப் பார்ப்போம்

விளக்கத்துக்காக நானே எழுதிக்கொண்ட வரிகள் இவை. எந்தக் கவிஞருடையதும் இல்லை.

பெரட்டுக்களம் இருந்த இடத்தில்
மூன்று தட்டுக் கார் நிறுத்தம்.
அம்மா இறங்கவில்லை.
மழைநாளில் மங்கைக் கவிழ்ப்பதுபோல்
இரண்டு கையையும் மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

'பெரட்டு' என்பது விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அது நடக்கும் வெளி பெரட்டுக்களம். யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எந்த நிரை (வெட்ட வேண்டிய மரவரிசை) என்பதெல்லாம் அங்கே முடிவாகும். திட்டு விழுவதும் அங்கேதான். கல்யாணப் பேச்சும் சண்டையும் சம்பளப் புகாரும் அங்கே தொடங்கும். நம் ஊரில் இதற்குச் சமமான ஒரே இடத்தைச் சொல்ல முடியாது. ஆலமரத்தடி, சாவடி, காலையில் ஆள் பிடிக்கும் முக்கு மூன்றையும் சேர்த்தால் கொஞ்சம் கிட்டே வரும்.

'மங்கு' என்பது பால் மரத்தில் கட்டும் கிண்ணம். 'பால் மரம்' என்றால் ரப்பர் மரம். குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் போனால் மரத்துக்கு மரம் சிரட்டை கட்டியிருப்பதைப் பார்க்கலாம், அதே காரியம்தான். பட்டையைச் சாய்வாகச் சீவினால் பால் கசிந்து கிண்ணத்தில் இறங்கும். வெயில் ஏற ஏறக் கசிவு குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே வெட்டத் தொடங்க வேண்டும். மலேசியக் கவிதைகளில் நெற்றி விளக்கு, கொசு, தூக்கத்தில் தூக்கிப்போகப்படும் குழந்தை எல்லாம் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் விடியுமுன் வரும் இந்த மூன்று மணி, நான்கு மணி வேளைதான்.

இப்போது மழைக்கு வருவோம். இங்கேதான் நெல்லை வாசகர் வழுக்கி விழுகிறார். ஐப்பசி, கார்த்திகையில் வானம் பார்த்துக் காத்திருக்கிற நமக்கு மழை என்றால் மனம் குளிர்கிறது. பால் வெட்டுபவருக்கு மழை என்றால் மரம் நனைந்துவிட்டது, பால் தண்ணீரோடு கலந்து வழிந்து போகும், இன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லை என்றால் அன்றைய கூலியும் இல்லை. கவிழ்த்து வைத்த மங்கு என்பது வெறுங்கையோடு முடிந்த நாள். அந்தத் தாய் கையைக் கவிழ்த்து வைத்திருப்பதில் கண்ணீர் எதுவும் சொல்லப்படவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. இந்த ஒரு செய்தி தெரியாமல் வாசித்தால் அது வயதான ஒருத்தி மடியில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் காட்சி, அவ்வளவுதான்.

பனையைப் பற்றித் தனியாக

உடன்குடிக் கருப்பட்டி தின்று, நுங்கு வெட்டி, பதநீர் குடித்து வளர்ந்தவருக்குப் பனை என்ற சொல்லே இனிக்கும். மலேசியக் கவிதையில் பனை வந்தால் அது செம்பனை. பாமாயில் எடுக்கிற எண்ணெய்ப் பனை. குட்டையாய்ப் பருத்து, மட்டை வெட்டிய தழும்போடு, கிலோமீட்டர் கணக்கில் வரிசையாக நிற்கும் மரம். மேலே ஏறுவது கிடையாது. நீளக் கம்பின் நுனியில் அரிவாள் கட்டிக் குலையை அறுத்துத் தள்ளுவார்கள்.

மலாயாவில் வணிகமாகச் செம்பனை முதலில் நடப்பட்டது 1917-இல், சிலாங்கூரில். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம் எஸ்டேட். பெயரிலேயே தமிழ் இருக்கிறது. ஆனால் பெரிய அளவில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டது 1960-களுக்குப் பிறகு. செயற்கை ரப்பர் வந்து ரப்பர் விலையை இறக்கியது. செம்பனைக்கு அதே பரப்பில் ஆள் மிகக் குறைவாகப் போதும். ஆகவே ஒரு தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறினால், அங்கே இருந்த குடும்பங்கள் பலவற்றுக்கு வேலை இல்லை என்று பொருள். பிறகு அந்த வேலைக்கு இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

இவர்கள் கவிதையில் பனையின் நிழல் குளுமை இல்லை. நம் பனை ஒரு சமூகத்தைத் தாங்கிய மரம். அவர்கள் பனை வந்து நின்ற இடத்தில் ஒரு சமூகம் இடம் காலி செய்தது. ஒரே சொல்லுக்குள் இவ்வளவு தூரம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும், மற்றதைக் கவிதையே சொல்லிவிடும்.

தோட்டம் எப்படிக் கையைவிட்டுப் போனது

இழப்பு ஒரே நாளில் நடக்கவில்லை. படிப்படியாக நடந்தது. எந்தக் கவிதை எந்தப் படியைப் பேசுகிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

1. துண்டாடல். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்கார முதலாளிகள் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தார்கள். இதைத் தடுக்க அன்றைய அமைச்சர் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடமே சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார்.

2. அட்டை. குடியுரிமை உள்ளவருக்கு நீல அடையாள அட்டை, இல்லாதவருக்குச் சிவப்பு. 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலை இறுகியது. பலர் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 'சிவப்பு அட்டை' என்ற சொல் கவிதையில் வந்தால் இந்தப் பயம்தான் அதில் இருக்கிறது. பிறப்புப் பத்திரம் சரியில்லாமல் இன்றும் நாடற்றவராக நிற்கும் பிள்ளைகள் அங்கே உண்டு.

3. செம்பனை. மேலே சொன்னது.

4. நகரம். 1980-களுக்குப் பிறகு தோட்ட நிலம் வீட்டுமனையாக, தொழிற்பேட்டையாக, நெடுஞ்சாலையாக மாறியது. இன்றைய நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயாவே தோட்டங்கள் இருந்த நிலத்தில் 1990-களில் எழுந்தது. அங்கிருந்த குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின.

இதை நெல்லைக்காரருக்குப் புரியவைக்கக் கடல் தாண்ட வேண்டியதில்லை. மாஞ்சோலையை நினைத்துக்கொண்டால் போதும். சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் தேயிலைத் தோட்டத்துக்காக 99 ஆண்டு குத்தகைக்கு விட்ட மலை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று நான்கு தலைமுறை அங்கே வாழ்ந்தது. கூலி உயர்வு கேட்டுப் போராடிய அந்தத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று நடந்த ஊர்வலத்தில்தான் தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. 2024-இல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வேலை முடிந்து, வீட்டைக் காலி செய்யும் நெருக்கடி வந்தது. "சொந்த ஊருக்குப் போங்கள்" என்றால், பிறந்து வளர்ந்த மலையைத் தவிர எது சொந்த ஊர் என்று அவர்கள் கேட்டார்கள். மலேசியக் கவிதையின் அடியில் ஓடுவதும் இந்தக் கேள்விதான். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லைன் வீட்டின் முன்னால் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒருத்தியை நம்மால் கற்பனை செய்ய முடியும் என்றால், அங்கே 'லயம்' என்று எழுதப்படும் சொல்லையும் நம்மால் வாசிக்க முடியும்.

சொல் ஏமாற்றும் இடங்கள்

மலாய்ச் சொல் வந்தால் நாமே உஷாராகிவிடுவோம். அகராதி பார்ப்போம், யாரையாவது கேட்போம். 'தாமான்' என்றால் குடியிருப்பு, 'ஜாலான்' என்றால் சாலை, 'பாசார் மாலாம்' என்றால் இரவுச்சந்தை. இதில் சிக்கல் பெரிதில்லை. நம்மை ஏமாற்றுவது நமக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள்.

'அப்பா மோட்டாரோடு விழுந்து கிடந்தார்' என்ற வரியை நாம் வாசித்தால் கிணற்றடியும் பம்புசெட்டும் வந்து நிற்கும். அங்கே மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள். 'பத்து வெள்ளி' என்றால் பத்து ரிங்கிட் பணம். 'சடக்கு' என்றால் சாலை. 'பசியாறிட்டீங்களா' என்பது காலைப் பலகாரம் சாப்பிட்டாச்சா என்ற கேள்வி, யாரும் பட்டினி கிடக்கவில்லை. 'கிராணி' கணக்கு எழுதுபவர். சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு சொல் தப்பினால் கவிதையின் காட்சியே வேறு ஊருக்குப் போய்விடுகிறது.

மலாய் கலப்பதைச் சிலர் மொழிக்கேடு என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே பிள்ளை தமிழ்ப்பள்ளியில் படிப்பது ஆறு ஆண்டுகள். பினாங்கில் 1816-இல் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்து எண்ணினால் 200 ஆண்டுகளைத் தாண்டிய கல்வி அது, இன்றும் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் பாடமொழி மலாய், தமிழ் ஒரு பாடம் மட்டும். அலுவலகம், போலீஸ் நிலையம், மருத்துவமனை எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கும். ஆகவே ஒரு கவிதையில் அம்மா தமிழில் பேசி, அதிகாரி மலாயில் பதில் சொன்னால், அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை மொழியே காட்டிவிடுகிறது. அதைத் தூய தமிழாக்கினால் கவிதை செத்துப்போகும்.

மலாயிலிருந்து வந்தது சொல் மட்டும் இல்லை, ஒரு வடிவமும் உண்டு. பந்துன் என்பது நான்கு அடி வாய்மொழிப் பாட்டு. முதல் இரண்டு அடியில் தீவோ மலையோ பூவோ வரும். அடுத்த இரண்டு அடியில்தான் சொல்லவந்த விஷயம் வரும். இரண்டுக்கும் நடுவில் 'போல' என்ற பாலம் இருக்காது. பந்துன் மலாய்ப் பாட வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் படிப்பது. காட்சியை ஒரு பக்கம், மனதை ஒரு பக்கம் வைத்துவிட்டு நடுவே ஒன்றும் சொல்லாமல் விடும் பழக்கம் மலேசிய இளைஞர் சிலரிடம் தெரிகிறது. சங்கப் பாட்டில் கருப்பொருளை வைத்து மனதைச் சொன்ன வழி நமக்கும் தெரிந்ததுதானே. நெல்லை வாசகருக்கு இது அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.

வாய்விட்டுச் சொல்லாதது

மலேசியாவில் இனம், மதம், அரச பரம்பரை ஆகிய மூன்றும் கைவைத்தால் சுடும் விஷயங்கள். 1948-ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம் இன்றும் இருக்கிறது. கோயில் இடிப்பு முதலிய குறைகளை முன்வைத்து 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் ஹிண்ட்ராப் என்ற இந்து உரிமை அமைப்பின் பேரணியில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டார்கள். கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் வந்தன. இன்று எழுதும் பலருக்கு அது பிள்ளைப் பருவத்து நினைவு. ஆகவே கவிதையில் 'அவர்கள்' என்று பெயரில்லாமல் ஒருவர் வந்தால் அதைக் கவிஞரின் மழுப்பல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. யார் என்று அங்குள்ள வாசகருக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. மலேசியாவில் தேசிய இலக்கியம் என்ற தகுதி மலாயில் எழுதப்படுவதற்கு மட்டும்தான். 1981 முதல் வழங்கப்படும் தேசிய இலக்கியவாதி விருதும் மலாய் எழுத்துக்கே. தமிழில் எழுதுவது 'இனக்குழு இலக்கியம்' என்ற பிரிவில் நிற்கிறது. தமிழ்நாடோ அதை அயலக இலக்கியம் என்கிறது. சொந்த நாட்டில் ஓரத்தில், தாய்மொழி நாட்டில் வெளியே. இரண்டு வாசலிலும் நிற்கவேண்டியிருக்கும் ஒருவர் எழுதுகிறார் என்பதை மறக்காமல் வாசிக்க வேண்டும். புத்தகத் திருவிழாவில் மலேசியத் தொகுப்பைத் தேடிப் பிடித்து வாங்கும் ஒரு வாசகர் அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்போதுதான் புரியும்.

இளையவர் எங்கே வேறுபடுகிறார்

மலேசியாவில் புதுக்கவிதை 1964-இல் சி. கமலநாதனிடமிருந்து தொடங்குவதாகச் சொல்வார்கள். எழுபதுகளில் அது வேகம் பிடித்தது. மேடையில் கைதட்டு வாங்கும் குரல் அதில் அதிகம். நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகள்தான் அதற்கு வீடு. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றபோது ஒரு பெரிய திண்ணை இல்லாமல் போயிற்று. 2000-க்குப் பிறகு வல்லினம் போன்ற இதழ்களைச் சுற்றி ம. நவீன், கே. பாலமுருகன், பூங்குழலி வீரன், யோகி என்று ஒரு வரிசை வந்தது. குரல் தணிந்தது. அன்றாட வாழ்க்கை உள்ளே வந்தது. இப்போது எழுதும் இளையவர்கள் அவர்களுக்கும் அடுத்தவர்கள்.

இந்த அடுத்த தலைமுறையிடம் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. தோட்டத்தில் ஒரு நாளும் வாழாதவர், தாத்தா சொன்ன தோட்டத்தைத் தாத்தாவின் சொற்களிலேயே எழுதினால் அது பழகிப்போன துக்கமாகிவிடுகிறது. நெற்றி விளக்கு, லயம், மாரியம்மன் என்று பொருட்களை அடுக்கினால் கவிதை வந்துவிடாது. அடுக்குமாடியின் பழுதான மின்தூக்கி, இரவு முழுக்கப் பயணிகளை ஏற்றி இறக்கும் வாடகைக் கார் வேலை, மலாய் சீனத் தோழிகளோடு ஒரே அறையில் வாழும் பல்கலைக்கழக விடுதி, இவற்றை எழுதும்போதுதான் அவர்கள் குரல் அவர்களுடையதாக இருக்கிறது. அந்தக் கவிதைகளில் 'மலேசியத்தனம்' இல்லையே என்று தேடுவது நம்முடைய பிழை.

மேலே எழுதிக்காட்டிய ஐந்து வரிகளுக்குத் திரும்பினால் இது விளங்கும். அம்மா இறங்கவில்லை என்று சொல்பவர் யார்? காரை ஓட்டி வந்த பிள்ளை. அந்த இடத்தில் பெரட்டுக்களம் இருந்தது என்பது அவர் காதால் கேட்டதுதான், கண்டதில்லை. மங்கைக் கையால் தொட்டிருக்கவும் மாட்டார். அவர் கண்டது கார் நிறுத்தமும், பக்கத்து இருக்கையில் கவிழ்ந்து கிடக்கும் இரண்டு கைகளும்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வண்டியை அணைக்கலாமா கிளப்பலாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்.